மிதம்

மூன்று கட்டம் போட்ட அட்டையைத் தந்திருக்கிறார் ஜா சார்:
எளிது, மிதம், கடினம்.
நாலு மணிக்குக் கதவு திறக்கும்.
ஐம்பது பேரைக் கேட்டு
ஐந்துக்குள் அனுப்ப வேண்டும்.
எதிர்த்தெரு கோச்சிங்காரன்
நாலே முக்காலுக்கே அனுப்பிவிடுவானாம்.

ராஞ்சி. துபுதானா தொழிற்பேட்டைக்குப் பின்னால்
ஒரு பொறியியல் கல்லூரி வாசல்.
ஜூன் மாத வானம் காலையிலிருந்து
இதோ இதோ என்கிறது, பெய்யவில்லை.
ஷூவுக்கு அனுமதி இல்லை என்று கழற்றிவிட்ட ஷூக்கள்
வேலியோரம் வெயிலில் வாயைப் பிளந்து கிடக்கின்றன.
அவற்றுக்குக் காவலாக அப்பாக்கள்,
தூங்கும் குழந்தையைத் தோள் மாற்றித் தோள் மாற்றி
ஒரு கணவன்.

எம்.சி.ஏ. நுழைவுத் தேர்வு.
நூற்றிருபது கேள்வி, நூற்றிருபது நிமிடம்.
தப்பானால் கால் பங்கு கழிப்பார்கள்.
கேள்வித்தாள் என்று கையில் ஒன்றும் வராது,
எல்லாம் திரையோடு அணைந்துவிடும்.
ஆளுக்கொரு கேள்வியின் ஆளுக்கொரு துண்டை
மண்டைக்குள் ஏந்திக்கொண்டு வருவார்கள்.
சிந்துவதற்குள் நான் பிடிக்க வேண்டும்.

தேவாஷிஷ் "எளிது" என்கிறான்.
கேட்டது நான்.
அவன் பார்ப்பது அப்பாவை.
எளிது, ஒன்று.

ரோஷன் மஹதோ சிரிக்கிறான்:
"கணக்கு கொன்றுவிட்டது தீதி.
மற்றதெல்லாம் பரவாயில்லை."
கணக்குதான் பாதி.
பேனா இரண்டு கட்டத்துக்கும் நடுவே
சற்று நேரம் நிற்கிறது.

ஃபர்ஹீனுக்கு அபார ஞாபகம்.
வட்ட மேசையைச் சுற்றி எட்டுப் பேரையும்
எனக்காக மறுபடி உட்கார வைத்தாள்.
ஒருவனுக்கு மட்டும் இடம் இல்லாமல் போக,
அங்கேயே முகம் வெளுத்து,
அட்டைக்கு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள்.

கடைசியாக வந்தவள் சலோமி திர்கி.
கும்லாவிலிருந்து ராத்திரி பஸ்.
"நாற்பத்தொன்றாவது கேள்வியில் மவுஸ் நின்றுவிட்டது.
கையைத் தூக்கினேன்.
ஆள் வந்து ஒயரைப் பிடுங்கிச் செருகப்
பதினோரு நிமிடம்.
அதுவரை அந்த ஒரே கேள்வியைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்."

என்ன கேள்வி?

"பையில் ஐந்து சிவப்புப் பந்து, ஏழு நீலம்.
எடுத்ததைத் திரும்பப் போடாமல்
இரண்டு எடுத்தால்
இரண்டும் ஒரே நிறமாக இருக்க..."

மூன்று வருடத்துக்கு முன்
இதே பை. பந்துகள் அப்போது கறுப்பும் வெள்ளையும்.
"திரும்பப் போடாமல்":
அந்த இரண்டு சொல்லை என் கண் தாண்டிவிட்டது.
தாண்டுகிறவர்களுக்கென்றே
ஒரு தப்பு விடையைத் தயாராக வைத்திருந்தார்கள்,
இரண்டாவது இடத்தில், அழகான பின்னமாக.
கூட்டிக் கழித்துப் பார்த்தால்
அந்த ஒன்று சரியாகியிருந்தால் ஜம்ஷெட்பூரில் சீட்டு.
அதற்கப்புறம் எத்தனையோ ராத்திரி
அந்தப் பைக்குள் கையை விட்டிருக்கிறேன்.

"அறுபத்தாறில் முப்பத்தொன்று. சரிதானே?"
என்கிறாள் சலோமி.

சரி என்றேன்.
மீதி எழுபத்தொன்பதில்
எத்தனை போட முடிந்தது என்று கேட்கவில்லை.
அட்டையைக் காட்டினேன்.
கட்டங்களை ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு,
"கேள்வி எளிதுதான்" என்றாள்.
ஷூவைத் தேடப் போனாள்.

போன் அடிக்கிறது.
"எத்தனை பேர் ஆச்சு?"
முப்பத்தெட்டு, சார்.
"போதும். மிதம் என்று போடு.
கடினம் என்றால் பயந்து வரமாட்டான்.
எளிது என்றால் தானே படித்துக்கொள்வான்."
எண்ணிப் பார்த்தால்
கடினம்தான் கூட, நாலு கோடு.

அட்டையின் பின்பக்கம்
எந்தக் கட்டமும் இல்லை.
"கும்லா. பதினோரு நிமிடம்" என்று
அங்கே எழுதிவைத்தேன்,
யாருக்கென்று தெரியவில்லை.

முன்பக்கத்தை மட்டும் படம் பிடித்து அனுப்பினேன்.
மணி நாலு ஐம்பத்திரண்டு.
எதிர்த்தெருக்காரன் முந்திவிட்டான்.
அவனும் மிதம்தான்.