ஈசல் ஒட்டிய பக்கம்

பத்தொன்பது வருஷம் லாரிக்குள் உறங்கியவனிடம்
உறங்க ஒரு வண்டி செய்யப்போகிறேன் என்றேன்.
றெஜின் சிரிக்கவில்லை.
"நாக்பூர் வெயிலில ஒருநாள் கெடந்து பாரு, தெரியும்"
மரச்சீனியில் மீன்குழம்பை ஊற்றிக்கொண்டான்.

அண்டி ஆபீஸ் போனஸ் என்னுடையது.
மார்த்தாண்டத்துப் பழைய இரும்புக் கடையில்
ஏதோ ஒரு அம்பாசிடரின் பின்அச்சை
எடைபோட்டு வாங்கினேன்.
பள்ளியாடி வீட்டு முற்றத்தில்
அதன்மேல் சட்டம், சட்டத்தின்மேல் பலகை,
மினிபஸ் ஜன்னல் இரண்டு.
நீளம் மட்டும் சாக்குச்சரடில் எடுத்தது,
பூனா லோடு இறக்கிவந்து அவன் செத்தமாதிரி கிடந்த மத்தியானம்,
உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை.
ஒரு முழம் கூட்டிக்கொண்டேன்.

வெளிப்பக்கம்தான் உறக்கத்தைக் கெடுத்தது.
தகரம் இந்த உப்புக்காற்றுக்கு ரெண்டு வருஷம்.
தார்ப்பாய் அவனுக்குப் பிடிக்காது,
வாழ்க்கை முழுக்க இழுத்துக் கட்டியது அதைத்தான்.
குறும்பனை வெனான்சியுஸ் சொன்னார்:
"வள்ளத்துக்குப் போடுறதப் போடு பிள்ளே.
கடலு உள்ள வராது, மழை எம்புடு?"

முதல் வாளியில் மருந்து கூடிப்போயிற்று.
புகைந்தது, கொதித்தது,
கலக்கிய கம்போடு கல்லாகிவிட்டது.
இப்போது வண்டி உருளாமல்
சக்கரத்துக்கு அண்டை கொடுப்பது அதுதான்.

பிறகு சொட்டு எண்ணி ஊற்றக் கற்றேன்.
நரைத்த பஞ்சுபோல் நாரை விரித்து,
உருளையால் குமிழ்களைத் துரத்தித் துரத்தி,
மூன்று பக்கம் முடித்தேன்.
நாலாவது பக்கத்துக்கு இருட்டிவிட்டது.
இடவப்பாதியின் முதல் மழை விட்ட நேரம்,
அறுபது வாட் பல்பு,
ஈரம் காயாத பிசின்.

மண்ணைத் திறந்துகொண்டு வந்தன ஈசல்கள்.
கையால் விரட்டினேன், கையும் ஒட்டியது.
பல்பை அணைத்துவிட்டு
இருட்டில் நின்று கெட்டவார்த்தை சொன்னேன்,
வேதக்கோவில் கேட்காத தூரம்தான்.

காலையில் உப்புத்தாளோடு போனேன்.
நூறா, ஆயிரமா,
எல்லாம் சிறகுகள். உடம்பை எறும்பு கொண்டுபோயிருந்தது.
வெயில் பட்டதும்
அந்தப் பக்கம் மட்டும் மீன்செதிள் மாதிரி.
உப்புத்தாளை இடுப்பில் செருகிக்கொண்டு
அதன்மேலேயே ரெண்டாம் பூச்சு அடித்தேன்.

முதல்நாள் ராத்திரி நான் மட்டும் படுத்தேன்.
அவன் வீட்டுக்குள், ஃபேனுக்குக் கீழே.
பன்னிரண்டு மணிக்குமேல் பெய்தது பாருங்கள்,
முற்றத்துப் பிலாவே பிய்ந்துவிழும்போல.
உள்ளே எனக்குச் சொட்டு இல்லை. காது மட்டும் அடைத்தது.

மழைக்குள் இன்னொரு சத்தம்.
டொக். டொக்.
மூலையிலிருந்து மூலைக்கு,
லோடு ஏற்றியவன் டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல்,
ஒரு விரல்முட்டி இணைப்பு இணைப்பாக நகர்ந்தது.
டார்ச் வெளிச்சம் சுவரில் ஊறி வந்தபோது
சிறகுகள் எனக்கு உள்ளிருந்து தெரியவில்லை,
பலகை தடுத்தது. அவனுக்குத் தெரிந்திருக்கும்.
அந்தப் பக்கம் வந்ததும் தட்டுவது நின்றது,
ரொம்ப நேரம்.

"ஒழுகுதா?"
"இல்ல."
"கதவத் திற. நனையுறேன்லா."