அணியத்தில் ஒன்றரை முழம்

தடைக்காலம் முடியப் பதினோரு நாள்.
தங்கச்சிமடக் கரையில் ஏற்றிப்போட்ட படகுகளுக்கு நடுவே
செல்சியாவின் படகு மட்டும்
பெயரில்லாமல் கிடந்தது.

"அந்தோணியார் படம், குழந்தையைக் கையில ஏந்துனபடி.
அதுக்குக் கீழ எங்க அய்யா பேரு, ஞானப்பிரகாசம்.
போன தடவ நீதான வரைஞ்ச?"

போன தடவை நான்தான்.
இப்போது வரைவதில்லை என்றேன்.
சபைக்குப் போகிறேன், ஞானஸ்நானம் எடுத்தாயிற்று.
சுரூபம் என்று வாயில் வந்ததை விழுங்கி
விக்கிரகம் கூடாது என்றேன்,
டர்பெண்டைன் டப்பாவில் பிரஷ்ஷை ஆட்டிக்கொண்டே.
முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

"கூலி ரெட்டிப்பா வாங்கிக்க."

கூலி இல்லை அக்கா.
நூறு ரூபாய் தருகிறேன்,
இந்தக் கடல் இனிக்கிறதென்று ஒரு நிமிஷம் நம்பு பார்ப்போம்.
பத்தாயிரம் தந்தாலும் முடியாது.
இனிக்கிறதென்று சொல்லலாம். சப்புக்கொட்டலாம்.
நம்ப முடியாது.
பெயிண்ட் கடை அட்டையில் நாற்பது நீலம் இருக்கும்,
விரல் வைத்து இதைக் கொடுங்கள் என்போமே,
இது அப்படி வரவில்லை.
தம்பி திரும்பாத மூன்றாம் இரவு
அந்தோணியார் கோயில் வாசலில்தான் கிடந்தேன்.
விடிந்தபோது
எனக்குள் அவர் இருந்த இடத்தில் யாருமில்லை.
நான் துரத்தவில்லை. துரத்தவும் தெரியாது.
பல் விழுந்த இடத்தை நாக்கு துழாவுவதுபோல
ஒரு வருஷம் துழாவினேன்.
பிறகு வேறொன்று வந்தது.
அதையும் நான் கூப்பிடவில்லை.

நின்று கேட்டாள். நல்ல வெயில்.
சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள்.

"வந்தது ஒன் கையில இல்ல, சரி.
வரையமாட்டேங்கிறது யாரு கை?"

நான் பிரஷ்ஷைப் பார்த்தேன்.

"செய்யது பாய் கடையில பன்னி முடி பிரஷ் கிடையாது.
எனக்கும் கிடையாது, கலெக்டருக்கும் கிடையாது.
அவருமேல எனக்கென்ன வருத்தம்?
நீ போன வாரம் முனியசாமி வல்லத்துக்கு வேல் போட்ட.
கீழக்கரைக்காரருக்குப் பிறை போட்ட,
ரெண்டு பூச்சு வச்சு, பளபளன்னு.
அதெல்லாம் கூடும்.
எங்க அந்தோணியாரோட மட்டும்
என்னடா ஒனக்குக் கணக்கு?"

பதில் இருந்தது.
வேல் வெறும் கோடு, பிறை வெறும் வளைவு,
முகம் கிடையாது, கண் கிடையாது.
தொண்டைவரை வந்தது.
ஆனால் அந்தக் கண்ணை
எத்தனை படகில் வரைந்திருக்கிறேன்.
கடைசியாக வெள்ளைப் புள்ளி வைத்ததும்
அது என்னைப் பார்க்கத் தொடங்கும்.
தம்பி போன படகிலும்
புள்ளி வைத்தவன் நான்.

பெயரும் பதிவெண்ணும் எழுதித் தருகிறேன் என்றேன்.
"எழுத மண்டபத்துல ஆளிருக்கு" என்று போய்விட்டாள்.

மண்டபத்து ஆள் எண் எழுதினான்.
பெயரும் எழுதினான், 'ஞா'வின் சுழி கோணல்.
படம் அவனுக்கு வராது.
அணியத்தில் ஒன்றரை முழத்துக்கு
வெள்ளை பிரைமரை அப்படியே விட்டுவிட்டான்.

தடை நீங்கிய இரவு கச்சான் அடித்தது.
விளக்குகள் பாலத்துக்கு அப்பால் ஒவ்வொன்றாகச் சிறுத்தன.
எல்லாப் படகுக்காகவும் என்று ஜெபத்தைத் தொடங்கினேன்,
அந்த வெள்ளைக்கு வந்ததும் நின்றுபோனது.
ஆமென்கூடச் சொன்னேனா, நினைவில்லை.

மறுநாள் மத்தியானம் என் கொட்டகை வழியாக
ஐஸ் வண்டிக்குப் போனாள் செல்சியா.
பிரைமரில் உப்பு ஏறினால் அப்புறம் பெயிண்ட் பிடிக்காதக்கா,
இந்த வாரத்துக்குள் எதையாவது பூசிவிட வேண்டும் என்றேன்.

"நீ பூசு" என்றாள், நிற்காமல்.

எதை என்று நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.