தலையாட்டி

தெல்லிப்பழை. ஆறாம் கட்டில்.
அன்ரனீற்றா மிஸ்ஸி
துளியின் வேகத்தைக் குறைத்துவிட்டுச் சொன்னா:
"முதல் தரம். மெதுவாத்தான் விடுவம்.
குளிர்ந்தால், நெஞ்சு இறுகினால், தொண்டை அரிச்சால்
பொறுத்துக்கொண்டு கிடவாதேங்கோ.
உடனை சொல்லுங்கோ."

பொறுத்துக்கொண்டு கிடந்தே பழகின ஆள் நான்.

இருபத்தொன்பது வருசம்
மின்சார சபைக்கு மீற்றர் பார்த்தவன்.
அதை அறிந்துதானோ என்னவோ
டொக்ரர் நிருத்தனா இப்படி விளங்கப்படுத்தினா:
"கெட்ட வெண்குழியத்தின்ரை வாசலிலை
ஒரு இலக்கம் இருக்கு. இருபது.
இந்த மருந்து ஒரு பிறபொருளெதிரி.
அந்த இலக்கத்தைத் தேடிப்போய் ஒட்டும்.
தான் பெரிசாக் கொல்லாது,
காட்டிக் குடுக்கும்.
மிச்சத்தை உங்கடை உடம்பின்ரை காவல்காரர் பார்ப்பினம்."

காட்டிக் குடுக்கும்.

வாசிகசாலை முன்றலில், கொளுத்துகிற வெயிலில்
எங்களை வரிசையாய் நடத்தினார்கள்.
ஜீப்புக்குள் ஒரு சாக்கு.
சாக்கில் இரண்டு ஓட்டை.
எனக்கு முன்னால் போனவன் சுகிர்தன்.
சாக்கு அசைந்தது.
எனக்கு அசையவில்லை.
ஏனென்று இன்றுவரை விளங்கவில்லை.

"நல்ல குழியத்திலையும் அதே இலக்கம் இருக்குமோ?"
டொக்ரர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தா.
"ஓம். அதுகளும் போகும்.
அதாலைதான் கவனமா இருக்கச் சொல்லுறம்."

நாற்பதாவது நிமிடம் பல்லுக் கிட்டியது.
சொன்னேன்.
என் ஆயுளில் முதல்முறை, உடனே சொன்னேன்.
துளி நின்றது. ஒரு ஊசி. ஒரு போர்வை.
அரை மணித்தியாலம் கழித்துப்
பாதி வேகத்தில் மறுபடி இறங்கினார்கள்
என் நாளத்துக்குள்
முகம் மூடிய என் ஆட்கள்.

இப்போது மீற்றர்க் கொப்பியில்
என் உடம்புச் சூட்டை எழுதுகிறேன்.
காலை 36.8. மாலை 37.1.
முப்பத்தெட்டைத் தொட்டால்
பனடோல் போட்டு மறைக்கக்கூடாது,
விடியட்டும் என்று படுத்திருக்கக்கூடாது.
ஓட்டோக்காரர் ரமணனின் இலக்கத்தை
யோகராணி கரியால் சுவரில் எழுதியிருக்கிறாள்.
கிணற்றுத் தண்ணீர் கொதித்து ஆறுகிறது.
சம்பலுக்குப் பச்சையாய் ஒன்றும் சேருவதில்லை.
பெறாமகளின் கலியாணத்தைப் போனில் பார்த்தேன்.
இருமலோடு வந்த அண்ணரை
அவள் படலையோடு திருப்பிவிட்டாள்;
அவர் இன்னும் கதைப்பதில்லை.

போனகிழமை கிளினிக்கில் டொக்ரர் சொன்னா:
"என்பு மச்சைக்குள்ளை இருக்கிற தாய்க்குழியத்திலை
அந்த இலக்கம் இல்லை. அதைத் தொடாது.
மாதக்கணக்காகும். ஆனால் புதுசு வரும்."

சுகிர்தன் வீட்டு மீற்றரையும் நான்தான் பார்த்தேன்.
ஆறேழு வருசம்.
தாய் தனிய. ஒரேயொரு மின்குமிழ்.
ஆனாலும் மாதம் பதினைந்து அலகுக்குக் குறையாது.
ஒருநாள் கேட்டேன், வயரில் பிழையோ என்று.

"பிழை இல்லைத் தம்பி," என்றா.
"வாசல் லைற். விடிய விடிய விட்டிருப்பன்."

குனிந்து
பதினைந்து என்று எழுதினேன்.