வாடகை நூற்றெண்பது ரிங்கிட்

ஏழரைக்குக் கூட்டம். ஆறே முக்காலுக்கே
விளக்கைப் போட்டுவிட்டேன்.
சூடேற ஏற லென்ஸ் ஒரு மயிரிழை நகரும்;
குளிரில் பிடித்த கூர்மை
அரை மணியில் கையை விட்டுப் போகும்.
இது தெரியாதவர்கள்தான்
இந்த வட்டாரத்தில் பாதிக் கல்யாணங்களில்
மணமகளின் மூக்கைக் காணாமல் ஆக்கியவர்கள்.

சுங்கை மெராந்தி, கோயில் மண்டபம்.
தகரக் கூரை. பின்னால் செம்பனை ஆலை,
வெந்த எண்ணெயின் வாடை.
திரை கேட்டிருந்தேன்.
உரக் கம்பெனி பேனரைத் திருப்பிக் கட்டியிருந்தார்கள்.
வெள்ளைதான். நடுவில் தொந்தி.
கீழ் விளிம்பில் ஐந்து தண்ணீர்ப் போத்தல்களைக் கட்டித்
தொங்கவிட்டதும் தொந்தி இறங்கியது.

மேசைக்கு ஒரு கால் குட்டை.
படம் கோணலாய் விழுந்தது.
பொத்தானை அழுத்தினால் கருவியே நிமிர்த்தித் தரும்,
சில புள்ளிகளைத் தின்றுவிட்டு
சிலவற்றைப் பிசைந்துவிட்டு.
முகத்தில் தெரியாது. எண்ணில் தெரியும்:
எட்டு மூன்றாகும், ஆறின் வயிறு அடைத்துக்கொள்ளும்.
இன்றைக்கு வரப்போவதெல்லாம் எண்கள்.
எனவே பொத்தானைத் தொடவில்லை.
குட்டைக் காலுக்கு அடியில்
விழாத நம்பர் சீட்டு ஒன்றை எட்டாக மடித்து வைத்தேன்.

கட்டக் கோடுகளைப் போட்டேன்.
ஆலையில் இரவு ஷிப்டுக்குப் போகும் முன்
பூந்தளிர் திரையருகே நின்று குரல் கொடுத்தாள்.
இன்னும். இன்னும் கொஞ்சம். ஆங்... போச்சு, திரும்பு.
தாண்டிப் போனால்தான் தெரியும் எங்கே நின்றிருக்க வேண்டுமென்று.
நடு சரி, வலது கீழ்மூலை மட்டும் புகை.
கருவியின் பின்புறத்தை ஒரு விரல் அகலம் திருப்பினேன்.
நாலு மூலையும் ஒன்றாய் வந்து நின்றன.
சட்டையைத் தேய்த்த மாதிரி இருக்குக்கா என்று
பைக்கை உதைத்துக் கிளம்பினாள்.

கம்பெனி அதிகாரி எட்டு மணிக்கு வந்தார்.
பென்டிரைவைக் கொடுத்தார்.
புதுக் குடியிருப்பு, அறுபத்து மூன்று மனை,
யாருக்கு எது, எல்லை எங்கே.
விழுந்தது ஒரு நீல மூட்டம்.
கோடுகள் இருந்தன, ஈரச் சுண்ணாம்பில் இழுத்தது போல.
எண்கள் இருந்தன, எறும்பு மொய்த்தது போல.

போக்கஸ்! அக்கா, போக்கஸ்!
பின்வரிசையில் விசில்.
பழைய மெஷின் போலிருக்கு என்று
மைக்கில் சிரித்தார் அதிகாரி.
காது சுட்டது. வளையத்தைத் திருகினேன்,
அந்தப் பக்கம், இந்தப் பக்கம். அதே மூட்டம்.

எழுந்து போனேன். திரையில் மூக்கு படும் அளவுக்கு.
மங்கிய அந்த எண்ணுக்குள்
புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே கறுப்பு இழை,
கொசுவலை போல, ஒவ்வொரு கண்ணும் தனித்தனியாக.
வலை தெளிவு.
வலையில் மாட்டியிருந்ததுதான் குழம்பிய ஒன்று.

திரும்பி வந்து படத்தை நீக்கினேன்.
கட்டக் கோடுகளை மறுபடி போட்டேன்.
தலைமுடி மெல்லிசில் நின்றன.
தெரியுதா?
தெரியுது, என்றது மண்டபம்.
என் பக்கம் இவ்வளவுதான், என்றேன்.

கொஞ்ச நேரம் மின்விசிறி மட்டும்.
பிறகு நடுவரிசையில் சந்தனமேரி எழுந்தார்.
இடுப்பில் பேரப்பிள்ளை இல்லை, கையில் வீட்டு வரி ரசீது.
சார், ஒரிஜினல் எங்க?
ஆபீசில்.
ஆபீஸ் எவ்வளவு தூரம்?
போக வர ஒரு மணி நேரம்.
உட்கார்ந்திருக்கோம்.

அதிகாரி வெளியே போய்
மழைச் சாரலில் போன் பேசினார்.
யாரும் எழவில்லை. யாரோ மைலோ கலக்கினார்கள்.
ஒளிக்குள் ஈசல் வந்தது.
லென்ஸருகே பறந்தது வெறும் புகை;
திரையில் போய் உட்கார்ந்ததற்கு
இறக்கை நரம்புவரை நிழல்.

பத்து மணிக்கு மேல்
மணிக்கு இருபது ரிங்கிட் கூடுதல்.
யாரிடம் கேட்பதென்று யோசித்தேன்.
பிறகு குனிந்து மேசைக் காலைப் பார்த்தேன்.
சீட்டு நகரவில்லை.