பூசாத வீட்டடி

ஆறு வருசமாய்
என் வீட்டுக்கு ஊர் வைத்த பெயர் அது.
முல்லைத்தீவு பஸ் கரிப்பட்டமுறிப்பைத் தாண்டி
முதிரை மரத்து வளைவில் வேகம் குறைய
கொண்டக்டர் பொடியன் மிதிபலகையில் நின்று கத்துவான்:
"பூசாத வீட்டடி இறக்கம் இருக்கோ?"
நான் இறங்குவேன்.
சில நாள் கூச்சத்தில்
பாலத்தடி மட்டும் போய் இறங்கி
வெயிலுக்குள் திரும்பி நடந்திருக்கிறேன்.

கடைசிக் கட்டக் காசு கூரைக்கே போய்விட்டது.
உள்ளே பூசினோம், நாங்கள் பார்க்கிற பக்கம்.
வெளியே, ஊர் பார்க்கிற பக்கம்,
செங்கல் செங்கலாகவே நின்றது,
உடுப்பு மாற்றிக்கொண்டிருக்க
கதவு திறந்துகொண்டது போல.

பங்குனியில் சீட்டு எனக்கு விழுந்தது.
கழிவு போக எழுபத்தெட்டாயிரம்.
தவநேசன் தண்ணி மோட்டர் என்றார்.
நான் முகப்பு என்றேன்.
"சுவர் சோறு போடுமோ?"
"மோட்டர் பஸ்ஸில போறவைக்குத் தெரியுமோ?"
இரண்டு நாள் கதைக்கவில்லை.
மூன்றாம் நாள் விடிய
உழவு மிசினில் மணலோடு வந்து நின்றார்.

எட்வின் மேசன் ஒரு கண்ணை மூடிச் சுவரைப் பார்த்தார்.
"முன்பக்கம் மட்டும்தான் கட்டுப்படும் தங்கச்சி.
பக்கச் சுவரைச் செவ்வரத்தை நட்டு மறையுங்கோ."
செவ்வரத்தையை மாடு தின்னும்.
குரோட்டனைக் குரங்கு பிடுங்கும்.
ஒருவரும் தொடாதது எருக்கலை மட்டும்தான்;
அது நான் நடாமலே வந்து நின்றது.

பூசுமுன் கம்பித் தூரிகையால் தேய்த்தேன்.
பாசி, குளவிக்கூடு,
மகன் கரியால் எழுதிய ஏழாம் வாய்ப்பாடு
எல்லாம் உதிர்ந்தன.
யன்னலுக்குக் கீழே
அளவு காணாமல் நிமிர்த்தி வைத்த ஒரு கல்லில்
நாயின் காலடி.
நாலு விரல், ஒரு உள்ளங்கால்.
சூளைக்காரர் ஈரக்கல்லை வெயிலில் பரப்பியிருக்க
எங்கேயோ அவசரமாய்ப் போன நாய்.
நெருப்பில் வெந்து, லொறியில் ஏறி வந்து,
ஆறு வருசம் எங்கள் வாசலில்
குரைக்காமல் நின்றிருக்கிறது.

"அதை விட்டுப் பூசுங்கோ அண்ணை."
"பூசின சுவரில ஓட்டையோ?
ஆக்கள் என்ரை வேலையைத்தான் பழிப்பினம்."
"சுத்திவர ஒரு கரை எடுங்கோ,
படத்துக்குச் சட்டம் போல."
முணுமுணுத்தபடி எடுத்தார்.
முடித்துப் பத்தடி பின்னால் போய்
அவரே அதைப் போனில் படம் பிடித்தார்.

மாங்குளத்துப் பெயின்ற் கடையில்
நிற அட்டையை விரித்தார்கள்.
வெள்ளை வேண்டாம்.
சோளகம் எழும்பினால்
கிறவல் ஒழுங்கைப் புழுதி
ஒரு கிழமையில் அதைத் திருத்திவிடும்.
பையில் கொண்டுபோன ஒரு பிடி மண்ணை
அட்டையில் வைத்துப் பொருத்திப் பார்த்தோம்.
"புழுதியையே வாங்க வந்த ஆள் நீங்கள்தான்" என்று
கடைக்காரர் சிரித்து
தூரிகையைச் சும்மா தந்தார்.

கேற்றுக்குக் காசு எட்டவில்லை.
தகரப் படலைக்கே மிச்சப் பெயின்ற்.

ஆடியில் ஒருநாள் ஆஸ்பத்திரியால் திரும்பினேன்.
வளைவில் பஸ் குறைந்தது.
சாய்ந்த வெயிலில் என் சுவர்
சுடப் பாணின் தோல் மாதிரி தெரிந்தது.
பக்கத்தில் இருந்த மனுசி எட்டிப் பார்த்தாள்.
நான் வேறெங்கோ பார்ப்பது போல இருந்தேன்.
கொண்டக்டர் பொடியன் விசில் அடித்தான்.
"பூசாத வீட்டடி! பூசாத வீட்டடி!"

"தம்பி, கண் தெரியேல்லையோ? பூசியாச்சு."
"தெரியுது அக்கா, நல்ல வடிவு.
ஆனா இறக்கத்துக்குப் பேர் அதுதானே."

பஸ் போனது.
ஓரத்துப் புழுதி எழும்பி வந்து
சுவரில் அமர்ந்தது; அமர்ந்தது தெரியவில்லை.
படலையைத் திறந்துபோய்
அந்த ஒரு கல்லை முந்தானையால் துடைத்தேன்.
உள்ளிருந்து தவநேசன் கேட்டார்:
"இவ்வளவு கெதியா வந்திட்டீர், எங்க இறங்கினனீர்?"
"பூசாத வீட்டடியிலதான்."