பதின்மூன்று டிகிரி

அல் அவீர் சந்தையில் ஆடி மாதம்.
வெளியே நாற்பத்தேழு.
வாழைக்காய் அறையில் எப்போதும் பதின்மூன்று.
மார்கழி அங்கேதான் இருக்கிறது,
சாவி என் இடுப்பில்.

சோளப்பாம்புக்குப் பதினைந்து நாளாய் எலி போடவில்லை.
குடலில் மிச்சமிருந்தால் குளிரில் அழுகிவிடும்
என்றான் நிஸ்தார்.
பெண் பாம்பு அவனிடம், அஜ்மானில்.

முதலில் ஆபீஸ், இருபத்திரண்டு.
அடுத்த வாரம் தக்காளி அறை, பதினேழு.
பிறகு பிலிப்பைன்ஸ் பெட்டிகளுக்குப் பின்னால்
மூடியில் துளையிட்ட டப்பா,
ஒரு கிண்ணம் தண்ணீர், இருட்டு.
ஒரு பருவத்தைக் கடக்க
டிராலியில் முப்பது அடி.

ஞாயிறுதோறும் தராசில் வைப்பேன்.
நானூற்றுப் பதினொன்று. நானூற்றொன்பது. நானூற்றொன்பது.
சூபர்வைசர் ஏலியாஸ் நோட்டைப் புரட்டி,
"அதென்ன தனிக் கணக்கு?"
"சாம்பிள் சீப்பு எடை, சார்."

எழுபதாம் நாள் வந்த வழியே திரும்பினோம்.
தக்காளி. ஆபீஸ். என் கட்டிலடி.
கண்ணில் பால் படர்ந்தது.
சட்டையை உரித்துக்
கிண்ணத்தைச் சுற்றிப் போட்டிருந்தது ஒரு விடியலில்.

வெள்ளிக்கிழமை நிஸ்தார் வந்தான்,
பெண்ணைத் தலையணை உறைக்குள் முடிந்து.
இரண்டையும் விட்டோம்.
ஆண் நாக்கை நீட்டி நீட்டி
அவள் முதுகில் மோவாயை வைத்தது.
எனக்குக் கூச்சமாகிவிட்டது.
விளக்கை அணைத்துவிட்டுத் தேநீருக்கு வெளியே வந்தோம்.

இரவு பத்து மணி, முப்பத்திரண்டு.
சட்டை முதுகோடு ஒட்டியது.
"பங்குனின்னு வச்சுக்கலாம்" என்றான்.