பொருள் எண் ஆறு

ஆண்டறிக்கையில் வாரிய உறுப்பினர் குறிப்பு
ஆளுக்கு எண்பது சொல்.
எண்பத்தொன்றாவது சொல்லை வெட்டுவது என் வேலை,
ஒப்பந்தக் கூலிக்கு.

தலைவர் அமிர்தகடேசன், ஓய்வுபெற்ற நிதிச் செயலர்,
இருநூற்றுப் பதினாறு சொல் அனுப்பியிருந்தார்.
அணை, துறைமுகம், சர்க்கரை ஆலை,
ஜெனீவாவில் ஒரு வாரம்.
எதை எடுப்பது என்று போனில் கேட்டேன்.
"அணைய விட்டுடும்மா" என்றார்.
எடுத்துவிடு என்றாரா, இருக்கட்டும் என்றாரா?
திரும்பக் கேட்கப் பயம்.
அணை இருக்கிறது.

நவல்கிஷோர் தாகா, ஆடிட்டர், சவுகார்பேட்டை.
மூன்று தலைமுறைத் தமிழ், ஒற்றுப்பிழைகூட இல்லை.
சரியாக எண்பது.
டாக்டர் மெஹருன்னிசா
தன் பெயருக்குப் பின்னால் வரும் பட்டங்களைச்
சொல்லாக எண்ணக் கூடாது என்கிறார்.
மருந்துக் கம்பெனியில் ஆலோசகராக இருந்த நாலு வருஷம்
போன அறிக்கையில் இருந்தது.
இதில் இல்லை.
நான் வெட்டவில்லை.

பிரிசில்லா ஞானசிகாமணி, செவிலியர் கண்காணிப்பாளர்,
முப்பத்தெட்டு வருஷத்தை ஒரே வரியில் எழுதி
கீழே பென்சிலில்: போதும்.

நோயாளர் பிரதிநிதி இ. துளுக்காணம், காசிமேடு.
அவருடையது மட்டும் தாளாக வந்தது,
நாலாக மடித்து, ஒரு மூலையில் ஈரம்.
கல்வி: அஞ்சாவது.
வகித்த பதவிகள்: இல்லை என்று எழுதி
அடித்துவிட்டு, விசைப்படகுக்கு ஐஸ் உடைப்பது.
வெளியீடுகள் என்ற இடத்தில்
பொற்கொடி, வயது பன்னிரண்டு.

பிரிவு அலுவலரிடம் காட்டிச் சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம்.

அப்புறம் அந்த இன்னொரு படிவம்.
இச்சேவையால் தமக்கோ தம் குடும்பத்தார்க்கோ
ஆதாயம் ஏதும் உண்டா?
நாலு பேர் இல்லை. அதில் ஒன்று பச்சை மசியில்.
துளுக்காணம்: உண்டு.
இருபத்தோரு நாளைக்கு ஒருதரம்
பாப்பாவுக்கு ரத்தம் ஏறுது. ஒரு பை,
சில மாசம் ரெண்டு. காசு வாங்கறதில்ல.

விதி பதினொன்று தெளிவாக இருக்கிறது.
ஆதாயம் உள்ளவர்
அந்தப் பொருளை விவாதிக்கையில்
அறையில் இருக்கலாகாது.

பொருள் எண் ஆறு:
ராயபுரம் மருத்துவமனை இரத்த வங்கியை
இரவில் மூடுவது குறித்து.

எழுந்தார். நாற்காலியைத் தூக்கிப் பின்னால் வைத்தார்,
இழுத்தால் சத்தம் வரும் என்று.
டீ சொல்ல நானும் வெளியே வந்தேன்.
தாழ்வாரத்தில் நாலு பெஞ்சு.
எதில் மின்விசிறிக் காற்று விழும் என்று
தேடாமல் போய் உட்கார்ந்தார்.
"இங்க பதினோரு வருசம் உக்காந்திருக்கேன்" என்றார்.
"உள்ளதாம்மா, கைய எங்க வைக்கறதுன்னு தெர்ல."

உள்ளே தாகாவின் குரல்:
இரவுச் செலவு, இரவில் வந்த ஆட்கள்,
ஒன்றை மற்றொன்றால் வகுத்து.
கதவு திறந்தது.
பிரிசில்லா சிஸ்டர், வாசற்படியில்
ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே.
"ஏம்பா, பாப்பாவுக்கு ராத்திரில ஏத்தினது
எத்தன தடவ?"

விரல்களில் எண்ணத் தொடங்கினார்.
மழையில் சுரங்கப்பாதை மூழ்கிய இரவு,
அம்மை போட்ட மாசம்,
பெயர் சொல்லாத இன்னும் சில.
சத்தமாகத்தான் எண்ணினார்.
அறையில் இருக்கலாகாது என்கிறது விதி.
கதவைப் பற்றி அதில் எதுவும் இல்லை.

நடவடிக்கைக் குறிப்பு:
பொருள் ஆறு, அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு.
இவ்வளவுதான் தட்டச்சு செய்தேன்.
அடுத்த கூட்டத்திலும் அவர் வெளியேதான்.
சிஸ்டருக்குப் பதவிக்காலம் மார்ச் வரை.

அச்சகத்திலிருந்து கூப்பிட்டார்கள்.
அஞ்சாவது ஆள் பக்கம் காலியாகக் கிடக்கிறதே,
ஏதாவது விட்டுப்போச்சா மேடம்,
வெளியீடுகளில் ஒரு பெண்பேர் இருக்கு,
அது தப்புதானே, எடுத்திடவா?

எடுக்காதீங்க என்றேன்.
எண்பதுக்குள்ளதான் இருக்கு.